அம்மாவின் படிக்கோலம்

மூன்றாவது இழை லேசாக நெளிந்துவிட்டது. அம்மா ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள்.

மாதுங்காவில் எங்கள் ஃப்ளாட் வாசலே மூன்றடிதான். அதில் வெள்ளிக்கிழமை படிக்கோலம். ஒரு வருஷமாக அம்மாவுக்குக் கை நடுக்கம், நான் போடுகிறேன் என்றால் விடமாட்டாள்.

இன்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். மாவில் நனைத்த துணியைப் பிழியும் வரைதான் கை ஆடுகிறது. மோதிர விரல் தரையைத் தொட்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு.

எனக்கு நஸ்ரீன் மொஹமதி ஞாபகம் வந்தது.

1937இல் கராச்சியில் பிறந்து, இதே பம்பாயில் வளர்ந்து, லண்டனில் படித்து, அப்புறம் 1972 முதல் பரோடாவில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். சுற்றிலும் பலர் மனிதர்களையும் கதைகளையும் வரைந்துகொண்டிருந்தபோது, இவர் பென்சிலும் மையுமாகக் காகிதத்தில் வெறும் கோடுகள் மட்டும் போட்டார். மயிரிழை மாதிரி, ஓரிடத்தில் நெருங்கி, ஓரிடத்தில் விலகி. பெரும்பாலான படங்களுக்குப் பெயர்கூட வைக்கவில்லை.

கடைசி வருஷங்களில் நரம்பு நோய். உடம்பு சொன்ன பேச்சு கேட்கவில்லை. அப்போதும் வரைந்தார், அந்தக் கோடுகளில் நடுக்கமே இல்லை. 1990இல் போய்விட்டார்.

அம்மா கடைசி இழையை முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "காவி கரைச்சு வெச்சியாடீ?"