சைகோன் மாரியம்மனுக்கு அப்பத்தா நேர்ந்த புடவை

எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பெட்டியடிப் பையன் என்னும் கடை எடுபிடியாக வியட்நாமின் சைகோனுக்குக் கப்பல் ஏறி, கடைப் பொறுப்பைப் பார்க்கும் மேலாளாகத் திரும்பியவர். நடுவில் ஒரு சமயம் அங்கே அம்மை கண்டு படுத்துவிட்டார். செய்தி ஊருக்கு வந்ததும், சைகோன் மாரியம்மனுக்கே பட்டுப் புடவை சாத்துவதாக அப்பத்தா நேர்ந்துகொண்டாள். ஐயா பிழைத்து வந்தார். புடவைதான் போய்ச் சேரவில்லை. கண்ணை மூடும்வரை அப்பத்தாவுக்கு அந்தக் குறை இருந்தது.

2024-இல் தை அமாவாசை பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை. மறுநாளே வியட்நாமியருக்குத் தெத் என்னும் வருஷப் பிறப்பு. அப்பத்தாவின் நேர்த்தியைத் தீர்க்க, விடுப்பு கிடைத்த நாளில் டிக்கெட் போட்டோம்; இப்படி ஒரு பொருத்தத்தை அம்மன்தான் பார்த்து வைத்தாள்.

சைகோனுக்கு இன்றைய பெயர் ஹோ சி மின் நகரம். அங்கே நாங்கள் தங்கியது ஒரு குடும்பம் நடத்தும் விடுதி. விடியற்காலையில் நான் எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். மத்தியானம் அந்த வீட்டம்மா தன் முன்னோருக்குப் படைத்தார். வருஷக் கடைசி நாளில் பெரியவர்களை வீட்டுக்கு அழைத்து, புத்தாண்டு நாட்களில் தங்களோடு வைத்துக்கொள்வார்களாம். தாம்பாளத்தில் தேங்காய், பப்பாளி, மாம்பழம், சீத்தாப்பழம். தெற்கே வாழைப்பழம் வைக்க மாட்டார்களாம். பக்கத்தில் வாழை இலையில் உருட்டிக் கட்டி, மணிக்கணக்கில் வேகவைத்த பான் தெத் என்னும் ஒட்டரிசிப் பண்டம். வாசலில் மஞ்சள் மாய்ப்பூ. ஐயா எத்தனை வருஷம் இந்தப் படையலைப் பார்த்திருப்பார்! எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

நடுநிசிக்குச் சற்று முன்னால் அந்த அம்மா நான் பிறந்த வருஷம் கேட்டார். 1968 என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. அது குரங்கு வருஷம்; பிறக்கப் போகும் டிராகன் வருஷத்துக்கு நல்ல பொருத்தமாம். என்னை வெளியே நிற்க வைத்து, பன்னிரண்டு அடித்து வாணவேடிக்கை கேட்டதும் வலது காலை வைத்து உள்ளே வரச் சொன்னார். புது வருஷத்தில் முதலில் வாசல் மிதிப்பவரின் ராசிதான் வருஷம் முழுக்க அந்த வீட்டுக்கு. முன்பின் தெரியாத என்னை நம்பி அதைக் கொடுத்தார்கள். என் மகள் கையில் ஒரு சிவப்பு உறையும் வந்தது.

காலையில் பென் தான் என்னும் சந்தைக்குப் பக்கத்திலுள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். வாசலை நெருங்க முடியவில்லை. ஊதுபத்திக் கட்டைக் கையில் திணித்துவிட்டு நாலு பங்கு விலை கேட்கிறார்கள். கூண்டுக் குருவியை வாங்கிப் பறக்கவிடச் சொல்லி ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். வண்டி நிறுத்தக் கேட்கும் காசு தனிக் கொள்ளை. அம்மன் சந்நிதி வாசலில் இதெல்லாம் வேண்டுமா? உள்ளே புகை, கண்ணைத் திறக்க முடியவில்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தில் எங்களைத் தவிரத் தமிழ் முகமே இல்லை. 1975-க்குப் பிறகு நம்மவர்கள் பெரும்பாலும் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். அம்மனை இந்த வியட்நாம் ஜனங்கள்தான் விடவில்லை. பெண்கள் உப்பும் அரிசியும் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். வருஷம் பிறந்ததும் முதலில் உப்பு வாங்குவது அவர்கள் வழக்கம். மாரிக்கு உப்பு நம் ஊரிலும் கொட்டுகிறோமே!

புடவையைக் கோயில் ஊழியர் இரு கையாலும் வாங்கி உள்ளே கொண்டுபோனார். மதுரைவீரனையும் பேச்சியம்மனையும் கும்பிட்டுவிட்டுப் பின்பக்கம் வந்தால், கர்ப்பகிரகத்தின் கல்சுவரில் வரிசையாக நெற்றியை ஒட்டி நிற்கிறார்கள். இரண்டு உள்ளங்கையும் சுவரில். உதடு மட்டும் அசைகிறது. ஒரு பாட்டி நகர்ந்து இடம் விட்டு, என் தலையைப் பிடித்து மெல்லச் சுவரில் சாய்த்தார். பலர் நெற்றி பட்டுப் பட்டு வழவழத்த கல், வெதுவெதுப்பாக இருந்தது. ஐயா கும்பிட்ட சந்நிதி. பிள்ளைக்கு, மகள் படிப்புக்கு என்று கேட்க வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. 'தாயே, அவரைத் திருப்பி அனுப்பினாயே' என்பது மட்டும்தான் வந்தது. அழுதுகொண்டே நின்றேன், பாட்டி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

எங்கள் குடும்பம் இன்றைக்குத் தழைத்து நிற்பது அவள் போட்ட பிச்சை. அவளுக்கு இத்தனை வருஷமும் விளக்கேற்றியவர்களும், அந்தப் பாட்டியும், வாசல் மிதிக்க விட்ட வீட்டம்மாவும், அவர்கள் பிள்ளைகுட்டிகளும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். மாரித்தாயே, துணை.