மறதிநோயும் நாற்காலி யோகாவும்

மறதிநோய் கண்ட தாய்க்கோ தந்தைக்கோ யோகா சொல்லித் தர முடியுமா என்று கேட்டு வரும் பிள்ளைகளில் பலர், இதைச் செய்தால் நினைவு திரும்புமா என்ற கேள்வியைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். திரும்பாது. மறதிநோயின் மிகப் பரவலான வகையான அல்சைமர் நோயில் அழிந்துபோன நரம்பணுக்களை எந்த ஆசனமும் எந்த மூச்சுப் பயிற்சியும் உயிர்ப்பிப்பதில்லை. முதியோருக்கு நாற்காலியில் அமர்த்தி யோகா கற்றுத் தருபவன் என்ற முறையில் இதை முதல் நாளே சொல்லிவிடுவது என் வழக்கம். குணப்படுத்திக் காட்டுகிறேன் என்று முழங்கும் காணொளிகள் எனக்கு எரிச்சலூட்டுவதற்கும் அதுவே காரணம். அவை விதைக்கும் எதிர்பார்ப்பு பொய்க்கும்போது, யோகாவால் உண்மையிலேயே கிடைக்கக்கூடிய பயனையும் குடும்பத்தார் கைவிட்டு விடுகிறார்கள்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வை இந்தப் பேச்சில் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். 55 வயதைக் கடந்த 25 பேரில் ஒரு பிரிவினர் 12 வாரங்கள் குண்டலினி யோகாவும், மந்திர ஒலிகளை விரல் அசைவோடு ஓதும் கீர்த்தன் கிரியா தியானமும் செய்தனர். மற்றவர்கள் நினைவாற்றல் பயிற்சி பெற்றனர். சொற்களை நினைவில் வைக்கும் திறன் இரு பிரிவினருக்கும் கூடியது. இடத்தையும் உருவத்தையும் நினைவில் கொள்வதிலும் மனச்சோர்வு குறைவதிலும் யோகா செய்தவர்கள் கூடுதலாக முன்னேறினர். ஆனால், அவர்கள் நினைவு சற்றே மங்கத் தொடங்கியதை உணர்ந்தவர்களே தவிர, மறதிநோயாளிகள் அல்லர். பிரிட்டனில் மறதிநோய் உறுதியான 494 பேரிடம், சற்றுக் கடுமையான உடற்பயிற்சியை வைத்து நடத்தி 2018இல் வெளியான பெரிய ஆய்வில், உடல்வலு கூடியதே தவிர, அறிவாற்றலின் சரிவு குறையவில்லை. அந்தப் பயிற்சி யோகா அல்ல என்றாலும், நினைவுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு பயிற்சியின் பயனை அளக்கக் கூடாது என்பதை எனக்குத் தெளிவாக்கியது அதுதான். நாற்காலியிலிருந்து பிறர் கைபிடிக்காமல் எழ முடிகிறதா, இரவில் உறக்கம் கலையாமல் இருக்கிறதா, மாலையில் வரும் பரபரப்பு சற்றேனும் தணிகிறதா என்பவற்றையே கவனிக்கும்படி குடும்பத்தாரிடம் நான் சொல்கிறேன்.

மறதிநோயாளி பயிற்சியைப் பழகிக்கொள்வதற்கு மூளையின் அமைப்பும் துணைநிற்கிறது. அன்றாட நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியை அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்குகிறது. உடல் செய்து செய்து பழகிய செயல்களின் நினைவோ சிறுமூளையையும் மூளையின் அடிப்பகுதியில் உள்ள நரம்பு முடிச்சுகளையும் சார்ந்திருப்பதால் நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது. அதனால்தான், முந்தைய நாள் வகுப்புக்கு வந்ததையே மறந்துவிட்டவர், என்னை யார் என்று கேட்டுக்கொண்டே, நான் கைகளை உயர்த்தும்போது தாமும் மூச்சை இழுத்தபடி கைகளை உயர்த்துகிறார். இந்த நினைவு மெல்லப் படிவது. ஆகவே பயிற்சிகளின் வரிசையை மாற்றவே கூடாது. ஒரே நேரம், ஒரே இடம், ஒரே வரிசை என்று இருந்தால் உடல் பழகிக்கொள்ளும்; புதுமை வேண்டும் என்ற ஆசை ஆசிரியருக்குத்தான் இருக்கிறது, மாணவருக்கு இல்லை.

சொல்லித் தரும் முறையிலும் பலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கறுப்பு நிற விரிப்பைத் தரையில் போட்டால், ஆழத்தையும் நிறத்தையும் பிரித்தறிவதில் சிக்கல் உள்ளவருக்கு அது பள்ளமாகத் தெரியும். அவர் கால் வைக்க மறுப்பதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடக் கூடாது. விரிப்பே வேண்டாம், சக்கரம் இல்லாத, கைப்பிடி உள்ள, உட்கார்ந்தால் இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் படியும் நாற்காலி ஒன்று போதும். வலக்கை, இடக்கை என்று பிரித்துச் சொல்வதைவிட, எதிரே அமர்ந்து நாம் இடக்கையைத் தூக்கினால், கண்ணாடியில் பார்ப்பதுபோல் அவர் தம் வலக்கையைத் தூக்கிவிடுவார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொற்றொடர். அதற்கு அவர் அசையும்வரை மௌனமாகக் காத்திருக்க வேண்டும். கண்ணை மூடச் சொல்வது எல்லோருக்கும் அமைதி தருவதில்லை, சிலர் இருட்டில் தனித்து விடப்பட்டதாக அஞ்சுகிறார்கள். ஆகவே கண் திறந்தபடியே ஓய்வு. தோளைத் திருத்துவதற்குப் பின்னாலிருந்து தொடுவதையும் நான் தவிர்க்கிறேன்.

ஆசனங்கள் என்று பார்த்தால் மிகச் சிலவே: முதுகை நிமிர்த்தி அமர்தல், தோளையும் கணுக்காலையும் சுழற்றுதல், இடுப்பை மெதுவாகத் திருப்புதல், நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்று குதிகாலை உயர்த்துதல்.

மூச்சுப் பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மூச்சை வெளிவிடும் நேரம் நீளும்போது வேகஸ் நரம்பின் செயல்பாடு மேலோங்கி இதயத் துடிப்பு தணிகிறது. ஆனால் மூச்சை மெதுவாக விடுங்கள் என்ற கட்டளையைப் பின்பற்றத் தெரியாதவர்களிடம் அதை எப்படிப் பெறுவது? தேனீபோல் முரலும் பிராமரி அங்கே உதவுகிறது. நாம் முரல்வதைக் கேட்டு அவரும் முரல்கையில், எண்ணாமலேயே வெளிமூச்சு நீண்டுவிடுகிறது. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான பயிற்சிகளை நான் கற்பிப்பதில்லை. வேகமாக மூச்சுவிடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும். மறதிநோயாளிகள் ஏற்கெனவே எளிதில் விழக்கூடியவர்கள். மூச்சை அடக்கும் கும்பகமும் வேண்டாம்.

விழுதல் பற்றிய அச்சம் மருந்துகளையும் சார்ந்தது. மறதிநோய்க்குத் தரப்படும் டோனெபெசில் என்ற மருந்து சிலருக்கு இதயத் துடிப்பை மந்தமாக்கி மயக்கம் தரக்கூடும். லூயி பாடி வகை மறதிநோயில் எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதுண்டு. எனவே அமர்ந்த நிலையிலிருந்து நிற்கும் முன் கால்களைச் சிறிது நேரம் அசைக்க வைப்பது நல்லது. எலும்பின் அடர்த்தி குறைந்தவர்கள் முன்னோக்கி ஆழமாகக் குனிந்தால் முதுகெலும்பு நொறுங்கலாம். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் தலையைத் தாழ்த்தும் நிலைகளைத் தவிர்க்க வேண்டும். மருத்துவர் சரி என்று சொல்லிவிட்டார் என்ற ஒரு வரியோடு அனுப்பி வைக்காமல், மருந்துப் பட்டியலையும் எலும்பு, கண் பரிசோதனைகளின் விவரத்தையும் குடும்பத்தார் யோகா ஆசிரியரிடம் காட்ட வேண்டும். ஆசிரியர் அதைக் கேட்கவே இல்லை என்றால் வேறு ஆசிரியரைத் தேடலாம்.

இந்த வகுப்பால் நோயாளியைவிடப் பராமரிப்பவரே கூடுதல் பயன் பெறுகிறார் என்பது என் கருத்து. மறதிநோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் 39 குடும்பத்தினரை வைத்து அதே லாஸ் ஏஞ்சல்ஸ் குழு நடத்திய மற்றோர் ஆய்வில், எட்டு வாரங்கள் நாள்தோறும் 12 நிமிடம் கீர்த்தன் கிரியா செய்தவர்களுக்கு, இதமான இசை கேட்டவர்களைவிட மனச்சோர்வு அதிகமாகக் குறைந்தது. ஆகவே மகளோ மனைவியோ வாசலில் காத்திருப்பதை நான் ஒப்புவதில்லை. பக்கத்து நாற்காலியில் அமர்ந்து தாமும் செய்ய வேண்டும். முதியவர் வர மறுக்கும் நாளில் அவரைக் கெஞ்ச வேண்டியதில்லை. அவர் பார்வையில் படும்படி அமர்ந்து பராமரிப்பவர் தம் பயிற்சியைத் தொடங்கலாம். பாதியில் அவராகவே கையைத் தூக்கிச் சேர்ந்துகொள்வதும் உண்டு, சேராமல் எழுந்து போய்விடுவதும் உண்டு.