ஞானிகள் மூணு பேரா?

சித்தி மகள் ஞாயிறு பள்ளி வினாடி வினாவுக்குத் தயாராகிறாளே, கொஞ்சம் சோதிக்கலாம் என்று நேற்று ஈரோட்டில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ‘ஏம் அம்மிணி, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகள் எத்தனை பேரு?’ என்றேன்.

‘மூணு பேருங்கண்ணா.’

மத்தேயு 2-ஆம் அதிகாரத்தைப் பிரித்து எண்ணச் சொன்னேன். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைதான் மூன்று, ஆள் கணக்கு எங்கேயும் இல்லை. (ஏதேனில் தின்ற பழம் ஆப்பிள் என்றும் எழுதியிருக்கவில்லை, அது வேறு கதை.) அப்புறம் யோனாவை விழுங்கியது திமிங்கலம் என்றாள், யோனா புத்தகத்தில் வெறும் ‘பெரிய மீன்’தான்.

இந்தக் கெத்தில் நான் இருக்கும்போது, கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த அமுச்சி தலையைக்கூடத் தூக்காமல், ‘ஏஞ்சாமி, மோசே பேழைல எத்தன சோடி ஏத்துனாரு?’ என்றார்.

‘ஒவ்வொண்ணுலயும் ஒரு சோடிங்க அமுச்சி.’

‘மோசே எங்கடா பேழைக்குப் போனாரு? அது நோவா!’

சரி, பெயரில்தான் ஏமாந்தேன் என்று பார்த்தால் எண்ணிக்கையும் தப்பு, சுத்தமான மிருகங்களில் ஏழேழு சோடி என்று ஆதியாகமம் 7:2-இல் இருக்கிறது. சித்தி மகள் இன்னும் சிரிப்பை நிறுத்தவில்லை.