அல்வா ஊரில் கோதுமை ஆகாத மனிதர்

என் வீட்டுக்காரருக்குக் கோதுமை ஆகாது. இதை யாரிடம் சொன்னாலும் வருவது ஒரே பதில்: "அதனால என்ன, நாமதான் சோறு திங்கிற ஆளுகளாச்சே." சொல்லிவிட்டு, கையோடு ஒரு தட்டில் ரவா கேசரியை நீட்டுவார்கள். அது கோதுமை இல்லையாம், ரவையாம். ரவை எதிலிருந்து வருகிறது என்று ஒரு சித்தியிடம் கேட்டேன். "கடையிலருந்து" என்றார்.

என் வீட்டுக்காரருக்குப் பல வருஷமாக ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஆட்டு ஈரல் என்று எல்லாம் உள்ளே போயும் ஹீமோகுளோபின் அசையவே இல்லை, வயிறு மட்டும் உப்பிக்கொண்டே இருந்தது. கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு வயிற்று மருத்துவர் ரத்தத்தில் டிடிஜி என்றொரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அது எகிறி வந்ததும், என்டோஸ்கோபி செய்து சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். அவர் சந்தேகப்பட்டது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்தக் குடலைத் தாக்க ஆரம்பித்து, உள்சுவரில் விரல் விரலாக இருக்கும் குடலுறிஞ்சிகளைத் தட்டையாக்கிவிடுகிறது, அப்புறம் எந்தச் சத்தைச் சாப்பிட்டும் உடம்பில் ஒட்டாது. வடக்கே இது நிறையப் பேருக்கு இருக்கிறது, நம் பக்கம் அபூர்வம். "பஞ்சாப்ல பிறந்திருக்க வேண்டியவன்" என்று அத்தை, அதாவது என் மாமியார், பெருமூச்சு விட்டார்.

அந்த மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். என்டோஸ்கோபி முடிகிற வரை கோதுமையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் குடல் கொஞ்சம் தேறி, நோய் பரிசோதனையில் சிக்காமல் போய்விடலாம் என்று. அத்தனை நேரம் பேசியதில் என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது இது ஒன்றுதான். அன்று சாயங்காலமே செங்கோட்டை பஸ்ஸில் ஏறி பார்டர் பரோட்டா சாப்பிடப் போய்விட்டார். ஏங்க இப்படி என்று போனில் கேட்டால், "டாக்டர் சொன்னதைத்தானே செய்யுதேன்" என்கிறார், வாயில் பரோட்டாவோடு. மருத்துவர் சொன்னதை அவர் அவ்வளவு சிரத்தையாகக் கடைப்பிடித்து நான் பார்த்ததே இல்லை.

முடிவு வந்தது, அதேதான். இதற்கு மாத்திரை கிடையாது, ஆயுசுக்கும் குளூட்டன் இல்லாத சாப்பாடுதான் மருந்து, துணுக்குகூட உள்ளே போகக் கூடாது. அத்தை அன்றே சமையலறையில் பதவியேற்றுக்கொண்டார். ரவை, சேமியா, மைதா, ரஸ்க் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. ஹார்லிக்ஸும் போனது, அதில் கோதுமையும் உண்டு, பார்லியும் உண்டு. சப்பாத்திக் கட்டையைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். தோசைக்கல், சல்லடை, மரக்கரண்டி எல்லாம் புதிதாக வந்தன. மிச்சமிருந்த டப்பாக்களைத் தரையில் வரிசையாக வைத்து, எழுத்து பொடிசாக இருக்கிறது என்று என்னை உட்கார வைத்து ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். கடுகு, வெந்தயம், மஞ்சள்பொடி எல்லாம் தேறின. பெருங்காய டப்பா வந்தது. சேர்மானம் என்று போட்டிருந்த இடத்தில் கோதுமை மாவு என்று வாசித்தேன்.

அத்தை டப்பாவைப் பிடுங்கி, கண்ணாடியை மேலேற்றி, கீழிறக்கி, வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தார். "அப்போ இத்தன வருஷமா எம்பிள்ளைக்கு ரசத்துல கோதுமையா கலக்கிக் குடுத்தேன்?"

விஷயம் இதுதான். பெருங்காயம் என்பது ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கம் வளரும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். அதை அப்படியே போட்டால் காரமும் நாற்றமும் தாங்காது என்பதால் மாவும் கோந்தும் கலந்து கட்டியாகவோ தூளாகவோ விற்கிறார்கள், அந்த மாவு பெரும்பாலும் கோதுமைதான். அரிசி மாவு கலந்தது தேடினால் கிடைக்கிறது. ஆனால் அத்தைக்கு இனி எந்த மாவின் மீதும் நம்பிக்கை இல்லை. நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ச் சுத்தப் பிசினாகவே வாங்கிவந்து, பழக்க தோஷத்தில் பழைய அளவுக்கே கிள்ளி ரசத்தில் போட்டார். அன்றைக்கு கேஸ் கசிகிறதா என்று எதிர்வீட்டு அண்ணாச்சி ஓடிவந்து கதவைத் தட்டினார்.

குளூட்டன் இல்லாதது என்று பாக்கெட்டில் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது, இது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதை வாசித்துக் காட்டினேன். "கிலோவுக்கு இருவதுன்னா எத்தன சிட்டிகை?" என்றார் அத்தை. சிட்டிகைக்குள்ளேயே வராது அத்தை என்றேன். அவர் முகத்தில் ஒரு கலெக்டருடைய களை வந்துவிட்டது. அடுத்து மாவு மில்லுக்குக் கிளம்பினார்.

மில்லில் மிளகாய்க்குத் தனி மெஷின் உண்டு, அரிசிக்கும் கோதுமைக்கும் கேப்பைக்கும் ஒரே மெஷின்தான். கோதுமை அரைத்த சூட்டோடு நம் அரிசியைக் கொட்டினால், நாங்கள் அத்தனை பாடுபட்டு ஒதுக்கும் கோதுமை இங்கே இலவசமாகவே வந்துவிடும். கடைக்காரரோடு நடந்த பேச்சுவார்த்தையில், வாரம் ஒருநாள் விடியற்காலையில் மெஷினைத் துடைத்து, முதலில் எங்கள் அரிசியில் கொஞ்சம் ஓட்டி அதைத் தனியே எடுத்துவிட்டு, மிச்சத்தை அரைத்துத் தருவதாக ஏற்பாடு. குளித்துவிட்டு ஈரத்தலையோடு அத்தை போய் நிற்பதையும் அந்த மாவை யாரும் தொடவிடாமல் மூடிக்கொண்டு வருவதையும் பார்த்து, அது ஏதோ நேர்த்திக்கடன் என்று தெருவில் பேச்சாகிவிட்டது. "எந்தக் கோயிலுக்கு ஆச்சி?" என்று ஒரு பெண் பயபக்தியோடு கேட்டிருக்கிறாள். அத்தை மறுக்கவில்லை. வரிசையில் முதலில் விடுகிறார்களே, எதற்கு மறுக்க வேண்டும்?

ராத்திரி என் வீட்டுக்காரர் இந்த நோயின் சரித்திரத்தைப் படித்துவிட்டு எனக்குச் சொல்வார். 1924-இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்றொரு மருத்துவர் இந்த நோய் வந்த குழந்தைகளுக்கு வாழைப்பழமாகக் கொடுத்துத் தேற்றினாராம். ரொட்டியை நிறுத்தியதால் தேறினார்கள், பெயர் வாழைப்பழத்துக்குப் போனது. அப்புறம் நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், ஏற்கெனவே கோதுமை மேல் ஒரு சந்தேகத்தில் இருந்தவர், 1944-45 குளிர்காலத்துப் போர்க்காலப் பஞ்சத்தில் ரொட்டியே கிடைக்காதபோது இந்தக் குழந்தைகள் தேறியதையும், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்ததையும் பார்த்துக் கோதுமைதான் காரணம் என்று நிலைநாட்டினார். எனக்கு டிக்கே மேல் பெரிய மரியாதை. இவர் ஹாஸ் கட்சி. பரோட்டாவை யாரும் சந்தேகப்படாத காலம் அது என்பார்.

ஓட்டல் பெரிய தொல்லை. இட்லி, இடியாப்பம் எல்லாம் சரிதான், தொட்டுக்கொள்ளச் சாம்பாரில் பெருங்காயம். தோசை வார்க்கிற கல்லில்தான் ரவா தோசையும். மாவில் மைதா கலப்பீர்களா என்று ஒரு கடையில் கேட்டபோது, பரிமாறுகிறவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "நம்ம கடையில கம்மியாத்தான் சார் போடுவோம்" என்று நேர்மையாகச் சொன்னார். அந்த நேர்மைக்காகவே இரண்டு காபி குடித்துவிட்டு வந்தோம்.

சொந்தக்காரர்கள் வீடு இன்னொரு ரகம். சர்க்கரை வந்து சோற்றைக் குறைத்து ராத்திரிக்குச் சப்பாத்தியில் இருக்கும் பெரியப்பா, இவர் இலையில் குவிந்த சோற்றைப் பார்த்து, "குடுத்து வச்சவன்ல நீ" என்கிறார். இவர் அந்தச் சப்பாத்தியையே பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார். நோயை மட்டும் மாற்றிக்கொள்ள முடிந்தால் அன்றைக்கே பத்திரம் எழுதியிருப்பார்கள்.

இதெல்லாம் போக, எங்கள் ஊர் திருநெல்வேலி. சம்பா கோதுமையை ஊறவைத்துப் பாலெடுத்துக் கிண்டுகிற அல்வாதான் ஊருக்கே முகவரி. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற உறவுகளுக்கு யார் போனாலும் அல்வா கொண்டுபோக வேண்டும், ஆகவே நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்கால வரிசையில் போய் நிற்பது இவருடைய பொறுப்பு. சூடாக நெய் வடியும் பொட்டலத்தை இரண்டு விரலால் பிடித்துத் தள்ளி வைத்துக்கொண்டு வருவார். முகத்தைப் பார்த்தால் ஏதோ துஷ்டி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறவர் என்று நினைப்பார்கள்.

போன மாதம் ஒரு கல்யாணம். அத்தை மணமேடைப் பக்கமே திரும்பவில்லை, நேரே ஆக்குப்புரைக்குப் போய்த் தவசுப்பிள்ளையைப் பிடித்துவிட்டார்.

"சாம்பார்ல பெருங்காயம் உண்டுமா?"

"என்ன ஆச்சி இப்பிடிக் கேட்டுட்டிய! கட்டிப் பெருங்காயம், தாராளமா போட்டிருக்கு."

"ரசத்துல?"

"அதுல அதவிட ஒரு மடங்கு கூட."

"மோர்ல?"

"பெருங்காயம் இல்லாம மோரா? நம்ம கையில அந்தக் கஞ்சத்தனமே கெடையாது."

ஒவ்வொரு பதிலுக்கும் அவர் நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனது, அத்தை முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. "அப்போ எம்மவன் என்னத்தத் திங்கதுக்கு?" என்றார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "முப்பது வருஷமா ஆக்குதேன், என் பெருங்காயத்த ஒருத்தரும் குறை சொன்னதில்ல." சமாதானம் செய்து, வெறும் சோறு, பருப்பு, நெய், அவியல், நேந்திரங்காய் வற்றல் என்று ஒரு தனி ஏற்பாடு வாங்கினோம். இலையில் பாதுஷா வைத்தார்கள், இலையை மாற்றச் சொன்னோம். மாற்றிய இலையில் போளி விழுந்தது, மறுபடி மாற்றினோம். மூன்றாவது இலையை இவர் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பக்கத்து இலைப் பெரியவர், "பாவம், உமக்கு ஒண்ணுமே வைக்கல" என்று தன் அப்பளத்தை எடுத்து நடுச் சோற்றில் அன்போடு நட்டார். அப்பளத்திலும் பெருங்காயம்.

ஆனால் மறுநாள் மாப்பிள்ளை வீட்டு விருந்தில் சொதி. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறி, பச்சைமிளகாய், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அத்தை போய் விசாரித்துவிட்டு வந்து, "தைரியமாத் தின்னுல, ஒரு பொடியும் இல்ல" என்றார். இவர் தின்ற வேகத்தில் பரிமாறுகிறவர் வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் முகூர்த்த நேரத்தை இவர் பார்ப்பதில்லை, சொதி என்றைக்கு என்று போன் செய்து கேட்டுவிட்டு அந்த வேளைக்கு மட்டும் சரியாகப் போய் நிற்கிறார். இதுவரை யாரும் வருத்தப்படவில்லை. மொய்யை முதல் நாளே கொடுத்தனுப்பிவிடுகிறோம்.