வண்டி மொராக்கோவில், சாவி லெஸ்டரில்

ஜிப்ரால்டர் நீரிணையின் மிகக் குறுகலான இடத்தில் ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் நடுவே 14 கிலோமீட்டர் தண்ணீர்தான். வானம் தெளிவாக இருந்தால் இந்தக் கரையில் காபி குடித்துக்கொண்டே அந்தக் கரை மலையைப் பார்க்கலாம். ஸ்பெயினின் டரிஃபாவில் கப்பல் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மொராக்கோவின் டான்ஜியர்.

கொரோனா வந்ததும் 2020 மார்ச் 13-ஆம் தேதி மொராக்கோ ஸ்பெயினுடனான கப்பல், விமானம், ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயின் வைத்திருக்கும் சியூட்டா, மெலில்லா ஊர்களின் தரை எல்லை எல்லாவற்றையும் இழுத்து மூடியது. ஸ்பெயின் கரைக்குப் பயணிகள் கப்பல் மறுபடி ஓட ஆரம்பித்தது 2022 ஏப்ரல் 12-ல். நடுவில், தெற்கு மொராக்கோவின் அகாடிர், டிஸ்னிட், டஃப்ராவுட் பக்கம் குளிர்காலத்தைக் கழிக்கப் போன ஐரோப்பியப் பெரியவர்கள் பலர் சிறப்பு விமானம் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் படுத்து, சமைத்து, ஊர் சுற்றிய கேம்பர் வேனுக்கு விமானத்தில் சீட்டு இல்லை. அது முகாம் மைதானத்தில், காவல்காரர் பொறுப்பில், வெயில் காய்ந்துகொண்டு நின்றது.

இங்கிலாந்தின் லெஸ்டரில் இருக்கும் ரிட்டயர்டு தம்பதி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஐயாவின் மேசை டிராயரில் சாவி. அம்மாவின் வாயில் ஒரே கேள்வி: “என்னங்க, வண்டி என்னாச்சு?” இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதுதான் விஷயம்.

முதலில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை, “மச்சானை அனுப்பி எடுத்துவரச் சொல்லலாமே?” முடியாது. மொராக்கோவுக்குள் வெளிநாட்டு வண்டி நுழையும்போது சுங்கத்துறை அதைத் தற்காலிக இறக்குமதியாகப் பதிவு செய்யும். அந்தப் பதிவு வண்டியின் பேரில் மட்டும் இல்லை, கொண்டுவந்தவரின் பாஸ்போர்ட்டோடு முடிச்சுப் போட்டது. கொண்டுவந்தவர்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். வேறொருவர் ஓட்டிப்போக சான்றளிக்கப்பட்ட அதிகாரப் பத்திரமும், அதைச் சுங்கத்துறை ஏற்றுக்கொள்வதும் வேண்டும். பத்திரத்தைத் தயார் செய்து, பிரெஞ்சில் மொழிபெயர்த்து, சான்று வாங்கி முடிப்பதற்குள் மச்சானுக்கு மனசு மாறிவிடும்.

அடுத்த வேடிக்கை, வண்டிக்கு ஒரு கெடு, ஆளுக்கு ஒரு கெடு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர் விசா இல்லாமல் 90 நாள் இருக்கலாம். அவருடைய வண்டி ஒரு வருடத்தில் ஆறு மாதம் இருக்கலாம். மனிதனைவிட வண்டிக்கு இரண்டு மடங்கு விருந்தோம்பல். ஆறு மாதம் தாண்டினால் சாதாரண காலத்தில் அபராதம். கொரோனா காலத்தில் மாட்டிக்கொண்ட வண்டிகளுக்குச் சுங்கத்துறை கெடுவை நீட்டித்தது நிஜம்தான். ஆனால் நீட்டித்தது அறிவிப்பில். துறைமுகத்தில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கம்ப்யூட்டரில் பழைய தேதிதான் வரும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கதைதான். அதனால் அறிவிப்பை அச்செடுத்து, உள்ளே வந்தபோது கொடுத்த சீட்டோடும், வண்டி இல்லாமல் வெளியேறியபோது வாங்கிய அனுமதியோடும் ஒரே ஃபைலில் வைத்துக்கொள்ள வேண்டும். போனில் காட்டிக்கொள்ளலாம் என்று போனவர்களுக்கு, போன் சார்ஜ் இறங்கும் நேரம் அதுதான் என்று தெரிந்துவிடும்.

சரி, ஐயாவே போகிறார். எப்போது போவது? 2020 செப்டம்பரில் ஒரு வாசல் திறந்தது. விசா தேவைப்படாத வெளிநாட்டவர் வரலாம், ஆனால் ஹோட்டல் முன்பதிவு காட்ட வேண்டும். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை சகிதம் சொந்த வீடு அங்கே நாலு சக்கரத்தில் நிற்கிறது. அதை எடுக்கப் போகிறவர் தங்குவதற்கு ஹோட்டல் பிடிக்க வேண்டும். நவம்பர் 5 வந்தால் இங்கிலாந்தில் இரண்டாவது ஊரடங்கு. டிசம்பரில் கென்ட் பகுதியில் கிளம்பிய புதிய வைரஸ் வகையால் மொராக்கோ பிரிட்டன் விமானங்களை நிறுத்தியது. 2021 மார்ச் 29 முதல் தக்க காரணம் இல்லாமல் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பினால் 5,000 பவுண்டு அபராதம். ஜூன் 15-ல் மொராக்கோ திறந்தது. அக்டோபர் 20-ல் பிரிட்டனுக்கு மறுபடி கதவடைப்பு. நவம்பர் 29-ல் உலகத்துக்கே கதவடைப்பு. 2022 பிப்ரவரி 7-ல் மறுபடி திறப்பு. இதில் எந்த இடைவெளியில் நுழைந்து எந்த இடைவெளியில் வெளியே வருவது என்பதற்குப் பஞ்சாங்கம்தான் பார்க்க வேண்டும்.

நாட்டுக்குள் போனால் மட்டும் ஆயிற்றா? அகாடிரிலிருந்து டான்ஜியர் சுமார் 800 கிலோமீட்டர். நடுவில் ஊரிலிருந்து ஊருக்குப் போக உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதிச் சீட்டு, இரவு ஊரடங்கு. 2020 ஜூலை 26 அன்று மாலை அறிவித்து நள்ளிரவிலிருந்து எட்டு நகரங்களுக்குப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். மராகேஷ், காசாபிளாங்கா, ஃபெஸ் எல்லாம் பட்டியலில். முதல் பெயர் டான்ஜியர்! பக்ரீத்துக்கு ஊருக்குக் கிளம்பிய ஜனம் அன்று இரவு நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டது. எனவே 800 கிலோமீட்டரை ஒரே நாளில் ஓட்டிவிடலாம் என்ற வீரம் எடுபடவில்லை. இரவு ஊரடங்கு தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே எங்காவது ஒதுங்கிவிட வேண்டியிருந்தது.

இனி வண்டி. பாதிக்கு மேல் சிரிப்பு இங்கேதான்.

கதவைத் திறக்க ரிமோட்டை அமுக்கினால் சத்தமே வராது. என்ஜின் பேட்டரி செத்துப் பல மாதம் ஆகியிருக்கும். கணக்கு எளிது: அலாரமும் டிராக்கரும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 95 ஆம்பியர் மணி பேட்டரி 80 நாளைக்குள் சுத்தமாகக் காலி. அதற்கு வெகு முன்பே ஸ்டார்ட் எடுக்கும் தெம்பு போய்விடும். காலியாகவே மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து சார்ஜும் ஏறாது.

சாவியை டிரைவர் கதவுத் துவாரத்தில் போட்டுத் திருப்பி உள்ளே ஏறினால் அதிசயம். விளக்கு எரிகிறது, தண்ணீர் பம்ப் ஓடுகிறது, மின்விசிறி சுற்றுகிறது. கூரைமேல் சோலார் பேனல் இருக்கிறதே! ஆனால் பெரும்பாலான வண்டிகளில் அது விளக்கு, பம்ப் மாதிரி வீட்டு வேலைக்கென்று வண்டியில் தனியாக இருக்கும் வீட்டுப் பேட்டரிக்குத்தான் சார்ஜ் போடும், என்ஜின் பேட்டரிக்குப் போடாது. ஆப்பிரிக்க வெயில் முழுவதையும் வாங்கி ஒரு பேட்டரி கொழுத்துப்போய் இருக்கும், இன்னொன்று பக்கத்திலேயே பட்டினியில் செத்திருக்கும்.

கையோடு கொண்டுபோக வேண்டியது லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர். 100 வாட் மணிக்குள் இருந்தால் விமானத்தில் கைப்பையில் போகும். பெட்டியில் போட்டு ஒப்படைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள். பல கேம்பர்களுக்கு அடிப்படையான ஃபியட் டுகாட்டோ வேன் வகையில் பேட்டரி கால் வைக்கும் இடத்தில் தரைக்கு அடியில் ஒளிந்திருக்கும். பானெட்டுக்குள் தேடி, பேட்டரியையே எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான் என்று காவல்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பானெட்டுக்குள் மூடி போட்ட ஒரு பாசிட்டிவ் முனை இருக்கும், சிவப்பு அதில், கறுப்பு என்ஜினின் வெற்று உலோகத்தில். பேட்டரி அடியோடு காலியென்றால் ஜம்ப் ஸ்டார்ட்டர் அதைப் பேட்டரி என்றே ஒப்புக்கொள்ளாது. கட்டாயமாக மின்சாரம் கொடுக்கும் பட்டன் உள்ள மாடலா என்று வாங்கும்போதே பாருங்கள். இல்லாவிட்டால் தடித்த ஜம்பர் கேபிள் போட்டு வீட்டுப் பேட்டரியிலிருந்து அரை மணி நேரம் ஊட்டிவிட்டு முயலலாம். எப்படியானாலும் டான்ஜியர் கிளம்பும் முன் அகாடிரிலேயே புதுப் பேட்டரி மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். கப்பலின் கார் தளத்தில் வண்டி நின்றுபோனால் பின்னால் நிற்கும் இருநூறு பேரும் உங்களைச் சொந்தப் பெயர் சொல்லித் திட்டுவார்கள்.

என்ஜின் கிளம்பும், வண்டி நகராது. ஹேண்ட் பிரேக் போட்டபடியே விட்டுப் போயிருப்பார்கள். கடல் காற்றில் பின்சக்கர பிரேக் துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கும். முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பார்க்கலாம், அல்லது சக்கரத்தைக் கழற்றி டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் தட்டலாம். நீண்ட நாள் நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ரெண்டு வாரத்தில் திரும்பிவிடுவோம் என்று போனவர்களுக்கு மட்டும் ஞாபகம் வராது.

டயர் பார்வைக்கு நன்றாக இருக்கும். கேம்பர் டயருக்குப் பின்பக்கம் 5.5 பார் வரை காற்று வேண்டும்; சாதாரண 12 வோல்ட் காற்றுப் பம்ப் மூன்றரையிலேயே மூச்சு வாங்கும். பெட்ரோல் பங்க்கில் லாரிக்கு அடிக்கும் குழாயைக் கேளுங்கள். ஒரே இடத்தில் நின்றதால் முதல் இருபது முப்பது கிலோமீட்டர் வண்டி தடதடவென்று குதிக்கும், சூடேறினால் சரியாகிவிடும். பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தால் சரியாகாது, மாற்ற வேண்டியதுதான்.

புகையைக் குறைக்க ஆட்புளூ ஊற்றும் புதிய டீசல் வண்டி என்றால் இன்னொரு தலைவலி. இந்த யூரியாக் கரைசல் 30 டிகிரியில் ஒரு வருடம், 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். கெட்டுப்போனால் “இன்னும் இத்தனை கிலோமீட்டர், அதற்குமேல் ஸ்டார்ட் ஆக மாட்டேன்” என்று டேஷ்போர்டு கெடு வைக்கும். மொராக்கோ சுங்கத்துறையாவது கெடுவை நீட்டித்தது, இது நீட்டிக்காது.

கழிவறைக்கு அடியில் இருக்கும் கழற்றும் தொட்டியான கேசட்டைக் காலி செய்யாமல் போனவர்களைப் பற்றி விரிவாக எழுத வேண்டாம். காலி செய்து வைத்திருந்தாலும் ரப்பர் சீல் காய்ந்து கசியும். அதற்கு ஆலிவ் எண்ணெய் தடவலாம், வாசலின் கூடாது. ஆர்கன் எண்ணெய் விளையும் ஊராயிற்றே என்று அதைத் தடவ வேண்டாம், விலையைக் கேட்டால் தலைக்கே தடவ மனசு வராது. தண்ணீர்த் தொட்டிக்கு மளிகைக் கடையில் ஜாவெல் என்று வாசனை சேர்க்காத ப்ளீச் கேளுங்கள். 5 சதவீதக் கரைசல் என்றால் 100 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி. எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை திறந்து மூடி, ஒரு மணி நேரம் விட்டு, வடித்து, இரண்டு முறை அலச வேண்டும்.

கேஸ் மலிவு. அப்போது மானிய விலையில் 3 கிலோ சிலிண்டர் 10 திர்ஹாம், 12 கிலோ 40 திர்ஹாம். ஐரோப்பாவில் விற்கும் கேம்பிங்காஸ் கம்பெனி ரெகுலேட்டர் அந்தச் சின்ன சிலிண்டரில் அப்படியே பொருந்தும். ஆனால் அது பியூட்டேன். பூஜ்யம் டிகிரியில் வாயுவாக மாறாது. ஜனவரியில் நடு பிரான்ஸில் காலை காபி கிடைக்காது.

இப்போது கப்பல். ஸ்பெயின் வழி மூடிக்கிடந்த காலத்தில் மொராக்கோ அனுமதித்தது பிரான்ஸின் செட், இத்தாலியின் ஜெனோவா போன்ற தூரத்துத் துறைமுகங்களைத்தான். டான்ஜியரிலிருந்து செட் போகக் கிட்டத்தட்ட இரண்டு நாள். நீரிணையைத் தாண்டும்போது ஸ்பெயின் கரை பக்கத்தில் தெரியும், டாட்டா காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். டிக்கெட் போடும்போது நீளத்தில் சைக்கிள் ஸ்டாண்டையும், உயரத்தில் கூரைப் பெட்டியையும் சேருங்கள். 6 மீட்டர் என்று போட்டு 6.4 மீட்டர் வண்டியோடு போனால் அளவு நாடாவோடு ஒருவர் காத்திருப்பார்.

கொரோனா பரிசோதனைச் சான்றுக்குத் தனிக் கணக்கு. 2021 ஜனவரி 18 முதல் இங்கிலாந்து வர, கிளம்பும் முன் மூன்று நாளுக்குள் எடுத்த சோதனை வேண்டியிருந்தது. டான்ஜியரில் எடுத்துவிட்டு, இரண்டு நாள் கப்பலில் இருந்து, செட்டிலிருந்து, இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் கலே வரை சுமார் 1,050 கிலோமீட்டரைக் கேம்பர் வேகத்தில் ஓட்டினால் அங்கே சான்று காலாவதி. பிரான்ஸில் இன்னொரு முறை மூக்கைக் கொடுக்க வேண்டியதுதான்.

கலே வரை வந்தவருக்குத்தான் பிரிட்டிஷ் காகிதம் பல்லைக் காட்டும். எம்.ஓ.டி. என்பது நம்மூர் எஃப்.சி. மாதிரி, வருடா வருடம் சோதனை. அதை பிரிட்டனில்தான் எடுக்க முடியும். எம்.ஓ.டி. இல்லாமல் சாலை வரி கட்ட முடியாது. சோதனைக்கு வண்டி வர வேண்டும், வர வரி வேண்டும். 2020-ல் ஆறு மாத நீட்டிப்பு கொடுத்தார்கள், மார்ச் 30 முதல் எம்.ஓ.டி. காலாவதியாகும் வண்டிகளுக்கு. 29-ஆம் தேதி முடிந்தவருக்குக் கிடையாது. இதற்கிடையில் வண்டி 12 மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் சட்டப்படி அது நிரந்தர ஏற்றுமதி. எதையும் விற்காமலேயே லெஸ்டர் ஐயா ஏற்றுமதியாளர் ஆகிவிட்டார்.

இந்த முடிச்சில் ஒரு சின்ன ஓட்டை உண்டு: முன்கூட்டியே பதிவு செய்த எம்.ஓ.டி. சோதனைக்கு நேராக ஓட்டிப்போக பிரிட்டனில் அனுமதி இருக்கிறது. அதனால் லெஸ்டரில் பதிவு செய்யாமல், இங்கிலாந்தில் கால் வைக்கும் டோவர், ஃபோக்ஸ்டன் பக்கமே பதிவு செய்து, அந்த உறுதிச் சீட்டைக் கையில் வைத்திருப்பது உத்தமம். கேம்பர் வேன் எவ்வளவு கனமானாலும் கார்களுக்கான நாலாம் வகுப்புச் சோதனைதான். ஆனால் எல்லா கராஜிலும் கூரை உயரமும் லிஃப்டும் போதாது, போனில் கேட்டுவிடுங்கள். அந்தத் தேதிக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஐரோப்பாவுக்கு மட்டும் நாள் கணக்கு வைத்த பாலிசிகள் மொராக்கோவை ஒத்துக்கொள்ளாது. அங்கே எல்லைக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும், அதைப் பொதுவாக விற்கும் இடம் நீங்கள் உள்ளே நுழைந்த துறைமுகம்.

இத்தனையும் தாண்டி டோவர் கராஜில் வண்டி ஏறியதும் முதல் குறையாக வருவது பெரும்பாலும் வைப்பர் ரப்பர், அது பொடிப் பொடியாக உதிரும். இரண்டாவது, ஹெட்லைட்டில் ஒட்டிய ஸ்டிக்கர். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் எதிரே வருபவர் கண் கூசாமல் இருக்க ஒட்டுவது. அது இருந்தால் விளக்குச் சோதனையில் ஃபெயில் ஆகலாம். இரண்டு வருட மொராக்கோ வெயிலில் அது கண்ணாடியோடு ஐக்கியமாகியிருக்கும். பிளேடால் சுரண்டாதீர்கள், பாலிகார்பனேட் கீறிவிடும். ஹேர் டிரையரில் இரண்டு நிமிடம் சூடு காட்டி, ஓரத்தை நகத்தால் கிளப்பி மெதுவாக இழுத்தால் வந்துவிடும். மிச்சப் பசைக்கு அந்த ஆலிவ் எண்ணெயே போதும்.