இரட்டை மழையும் தாழ்ந்த சட்டியும்: மீண்டும் போன்சாய்

மே கடைசி

வளைகுடா வேலைக்குப் போகும்போது தக்கலை வீட்டில் விட்டுச்சென்ற, சட்டியில் குட்டையாக வளர்க்கும் போன்சாய் மரங்களில் பாதிக்கு மேல் இப்போது இல்லை. சவுக்கு இரண்டும் காய்ந்துவிட்டன. சவுக்கு ஒருமுறை காய்ந்தால் காய்ந்ததுதான். பிறகு குடம் குடமாக ஊற்றினாலும் எழாது. எலுமிச்சை அழுகிப் போயிருந்தது. காகிதப்பூ உயிரோடு இருக்கிறது, ஆனால் அதைப் போன்சாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டுத் துணிக்கொடி முழுக்கப் படர்ந்து பூத்துக் கிடக்கிறது. புளி நான்கைந்து கிளையில் மட்டும் இலை வைத்திருக்கிறது. கிணற்றடியில் வைத்திருந்த அரச மரம் சட்டியை உடைத்துக்கொண்டு தரையில் இறங்கிவிட்டது.

அம்மா ஒரு நாளும் தண்ணீர் ஊற்றத் தவறவில்லை. கைக்கு எட்டும் இடத்தில் இருந்தவை அழுகின, மூலையில் இருந்தவை காய்ந்தன. எலுமிச்சையைச் சட்டியிலிருந்து கவிழ்த்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. மேல்மண் வெடித்துக் காய்ந்திருந்தது. அடியில் இரண்டு விரற்கடை மண் கறுத்துக் களியாகி, சாக்கடை வாடை அடித்தது. "மக்களே, மேலே காய்ந்து கிடந்தது, அதனால்தான் ஊற்றினேன்" என்றார் அம்மா. அவர் பார்த்தது சரிதான். அடியில் இருப்பதை மேலிருந்து யார் பார்க்க முடியும்?

செம்மண், மணல், சாணித்தூள் சமபங்கு என்பதுதான் இங்கே எல்லோரும் சொல்லும் கலவை. தென்னங்கன்றுக்கும் ரோஜாத் தொட்டிக்கும் அது பொருந்தும். மூன்று அங்குல ஆழச் சட்டிக்குப் பொருந்தாது. ஏன் என்பதைப் பாத்திரம் துலக்கும் பஞ்சு ஒன்றை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். பஞ்சை நன்றாக நனைத்து, படுக்கை வாக்கில் உள்ளங்கையில் பிடியுங்கள். சொட்டுவது நின்ற பிறகு அதை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மறுபடியும் தண்ணீர் கொட்டும். பஞ்சும் துளைகளும் மாறவில்லை, உயரம் மட்டுமே மாறியது. எந்தச் சட்டியிலும் அடியில் ஓர் அடுக்கு தண்ணீர் வடியாமல் நிற்கும். அந்த அடுக்கின் கனத்தை மண் துகளின் அளவுதான் தீர்மானிக்கிறது, சட்டியின் ஆழம் அல்ல. ஆழமான தொட்டியில் வேர் அதற்கு மேலேயே இருந்து பிழைத்துக்கொள்ளும். தாழ்ந்த சட்டியில் ஏறக்குறைய முழு மண்ணும் அந்த அடுக்குதான். துளையைப் பெரிதாக்கினாலும் அடியில் ஓட்டுச்சில் போட்டாலும் இது மாறாது. துகளைப் பெரிதாக்க வேண்டும்.

ஜூன்

ஜப்பானியர்கள் அகடாமா என்ற களிமண் உருண்டைகளைப் பயன்படுத்துகிறார்கள். நீரையும் மண்ணையும் அவர்கள் எவ்வளவு பெரிய விஷயமாக நினைத்தார்கள் என்பதற்கு டோக்கியோவுக்கு வடக்கே உள்ள ஒமியா ஒரு சாட்சி. 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோ குலைந்த பிறகு, போன்சாய் வளர்த்தவர்கள் இடமும் நல்ல மண்ணும் நல்ல தண்ணீரும் தேடிப் போய் 1925-இல் அங்கே தனிக் கிராமமே அமைத்தார்கள். அகடாமாவை இங்கே வரவழைத்தால் மண்ணின் விலை மரத்தின் விலையைத் தாண்டிவிடும். நமக்குச் செங்கல் இருக்கிறது.

ஆனால் எந்தச் செங்கல் என்பதில்தான் சங்கதி. ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் சூளை ஒன்றிலிருந்து உடைசல் கொண்டுவந்து, மூன்று விதமாகப் பிரித்து, தனித்தனி ஊறுகாய்ப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஒரு இரவு வைத்தேன். வேகாத கல் காலையில் சேறாகிக் கிடந்தது. கருகும் அளவுக்கு வெந்த கல் போட்டபடியே இருந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே நிறம் மாறவில்லை, நீர் ஏறவே இல்லை. நடுத்தரமாக வெந்தது மட்டும் நன்றாக இருண்டிருந்தது. விரலால் அழுத்தினால் விளிம்பு கரையவில்லை, நகத்தால் கீறினால் லேசாகக் கோடு விழுந்தது. அதையே சுத்தியலால் உடைத்தேன். கொத்தனார் மணல் சலிக்கும் சல்லடையில் பெரிய துண்டுகளை ஒதுக்கி, கொசுவலையில் தூளைப் போக்கினேன். கையில் மிஞ்சியது ஏறக்குறைய மிளகு அளவுத் துகள். மூன்று பங்கு இது, ஒரு பங்கு கருங்கல் சில்லு, அரைப் பங்கு சிரட்டைக்கரி. கதம்பைத் தூள், அதாவது தேங்காய் மட்டைத் தூள், சேர்க்கவில்லை. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஜூனில் தக்கலையில் அந்த உதவி யாருக்கும் வேண்டாம்.

ஆரல்வாய்மொழியில் வளர்க்கும் நண்பருக்கு இதே கலவை ஒத்துவரவில்லை. கணவாயில் வீசும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. காலையில் ஊற்றியது மாலைக்குள் காய்ந்துவிடுகிறது என்கிறார். அவர் கதம்பையைத் துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்திருக்கிறார், மரங்கள் செழிப்பாக இருக்கின்றன. ஒரே மாவட்டத்துக்குள்ளேயே இப்படி. குளிர்நாட்டுப் புத்தகத்தில் வசந்தகாலத் தொடக்கத்தில் சட்டி மாற்றுக என்று படித்துவிட்டு இங்கே பிப்ரவரியில் வேரை வெட்டினால், அடுத்து வருவது மார்ச் வெயில். அரசு, ஆல், இச்சி போன்ற அத்திக் குடும்ப மரங்களுக்கு இங்கே ஏற்ற காலம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிச் சூடு தணிந்த பிறகுதான். வானம் மூடியிருக்கும், காற்றில் ஈரம் இருக்கும், வெட்டிய மரம் வாடாமல் தாக்குப்பிடிக்கும்.

கிணற்றடி அரசு

நான் போகும்போது கட்டைவிரல் பருமன் இருந்த தண்டை இப்போது இரண்டு கையாலும் வளைத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சட்டித் துளை வழியாக ஒரு வேர் தரைக்குள் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சட்டிக்குள் வைத்து எத்தனை ஆண்டு உரம் போட்டாலும் இந்தப் பருமன் வராது. அடிமரம் பருக்க வேண்டுமானால் தரையில் விட வேண்டும் என்பதைப் போன்சாய்க்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. கிணற்றுச் சுவரைத் தின்பதற்குள் அதை எடு என்று அம்மாவுக்கு அவசரம்.

மேலும் கீழும் ஒரே நாளில் வெட்டுவதில்லை என்பது என் கொள்கை. ஜூனில் மேல்வெட்டு, இலை வந்த பிறகு வேர்வெட்டு. அத்திக் குடும்பம் எதையும் தாங்கும் என்று சொல்லி இரண்டையும் சேர்த்தே முடிப்பவர்கள் உண்டு, பிழைக்கவும் செய்கிறது. எனக்கு மனம் வரவில்லை.

வெட்ட வேண்டிய நேரத்தைச் சொன்னவர் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் அண்ணன் ஒருவர். ரப்பருக்கு விடிகாலையில் கத்தி வைக்கிறார்கள். இரவெல்லாம் மரம் நீர் ஏறி விறைப்பாக இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் போய் அழுத்தம் குறையும், பாலும் குறையும். "உனக்குப் பால் வேண்டாம் என்றால் மத்தியானம் வெட்டு" என்றார். மழை விட்டு வெயில் அடித்த ஒரு நண்பகலில் அரசை முழங்கால் உயரத்துக்கு அறுத்தேன். பால் சொட்டியது, ஆனால் வழியவில்லை. சிறிது நேரத்தில் வெட்டுவாயில் கெட்டியாகி, தோல் படிந்தாற்போல் நின்றது. ஒப்பிட்டுப் பார்க்க, மறுநாள் காலையில் ஒரு பக்கக் கிளையை வெட்டினேன். அது கையெல்லாம் பிசுபிசுக்க வைத்தது.

ஜூலையில் தண்டின் பழைய கணுக்களிலிருந்து செம்பு நிறத்தில் முளைகள் வந்தன. அவை முற்றிப் பச்சையான பிறகு தரைவேரை அறுத்து, அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் செங்கல் கலவை போட்டு வைத்தேன். அழகுச் சட்டிக்கு இன்னும் காலம் இருக்கிறது. அரசில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. இலை பெரிது, காம்பு நீளம். கைக்குள் அடங்கும் போன்சாயாக அது ஒருநாளும் ஆகாது. பெரிய மரமாக வைத்துக்கொள்ள இடம் இருப்பவர்கள் மட்டும் அதைத் தொடலாம்.

பக்கத்து வீட்டு அத்தை மதில் மேல் எட்டிப் பார்த்து, மரத்தை முடக்கினால் குடும்பம் முடங்கும் என்றார். பட்டினி போட்டு முடக்குவதில்லை, தரையில் நிற்கும் மரத்தைவிட இதற்குத்தான் சாப்பாடு அதிகம் என்றேன். 1625 முதல் வளர்க்கப்பட்டு, ஹிரோஷிமாவில் ஒரு குடும்பத்திடம் இருந்த சட்டிப் பைன் மரம், 1945-இல் அணுகுண்டு விழுந்தபோது மதில் மறைவில் தப்பிப் பிழைத்து, 1976-இல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போய் இன்னும் வாஷிங்டனில் நிற்கும் கதையையும் சொன்னேன். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது ஜப்பான்காரன் வீட்டு மரம்" என்றார். அதோடு பேச்சு காகிதப்பூவுக்குத் திரும்பியது. துணிக்கொடியில் படர்ந்ததை வெட்ட வேண்டாம், பூ அழகாக இருக்கிறது என்று உத்தரவு. சரி, அந்தக் கிளை அவருக்கு.

ஆகஸ்ட், செப்டம்பர்

திருவிதாங்கோட்டில் தெரிந்தவர் ஒருவர் பழைய ஓட்டு வீட்டை இடித்தபோது, சுவரில் முளைத்திருந்த இச்சி ஒன்று கிடைத்தது. சுவரில் வளர்ந்த மரத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. செங்கல் இடுக்கில் ஆணிவேர் இறங்க வழியில்லாமல் வேர்கள் தட்டையாகப் பரவியிருக்கும். நர்சரிச் செடியில் அந்த வேரமைப்பை உண்டாக்கப் பல ஆண்டு ஆகும். சுண்ணாம்புக் காரையைக் குச்சியால் நோண்டி எடுத்து, வேரை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தேன். இரண்டு கிளை தவிர மற்றதை எடுத்துவிட்டேன்.

கம்பி கட்ட அலுமினியம் நல்லது, கைக்கு இதம். ஆனால் வீட்டில் பழைய செம்புக் கம்பி நிறைய இருந்தது. பிளாஸ்டிக் உறையைக் கத்தியால் உரித்து எடுத்துவிட வேண்டும். எரித்தால் நச்சுப் புகை. பிறகு சிரட்டைத் தீயில் வைத்து, இருட்டில் மங்கிய சிவப்பாகத் தெரியும்வரை சுட்டு ஆறவிட்டால், நூலைப் போல வளைகிறது. வளைக்க வளைக்கக் கம்பி மறுபடி இறுகுவதால் கிளையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு முறை தப்பாகச் சுற்றினால் பிரித்துச் சுற்றுவது கடினம், நறுக்கித்தான் எடுக்க வேண்டும். இச்சி வேகமாகப் பருக்கும் மரம், கம்பி தோலில் பதிந்து தழும்பு விழும். அதனால் வாரந்தோறும் பார்த்து, செப்டம்பர் முடியும் முன்பே கழற்றிவிட்டேன். ஒரு கிளை நின்றது. இன்னொன்று பாதி எழும்பிவிட்டது, மீண்டும் கட்ட வேண்டும்.

புளியின் சட்டியில் மேல்மண்ணை மட்டும் குச்சியால் கிளறி எடுத்து, செங்கல் துகள் நிரப்பினேன். வேரைத் தொடவில்லை. அந்தியில் இலை கூப்பும் வரைக்கும் வெயில் படும் இடத்துக்கு மாற்றி வைத்தேன். ஒரு முழு ஆண்டு தின்று தேறட்டும்.

நவம்பர்

வடகிழக்கு மழைதான் உண்மையான சோதனை. விடாமல் பெய்தபோது ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு பக்கம் அரைச் செங்கல் முட்டுக் கொடுத்துச் சாய்த்து வைத்தேன். பஞ்சை நிமிர்த்தும் அதே கணக்கு: சாய்ந்த சட்டியில் உயர வித்தியாசம் கூடுகிறது, தங்கிய நீர் தாழ்ந்த பக்கத் துளை வழியாக இறங்குகிறது. மழை விட்டதும் சமமாக்கிவிட வேண்டும், இல்லையென்றால் உயர்ந்த பக்கத்து வேர் காயும். கடலைப்புண்ணாக்கு வைப்பதை மழை முடியும்வரை நிறுத்தினேன். புழுவும் நாற்றமும்தான் மிச்சம். ஒரு சட்டியைப் பிரித்துப் பார்த்ததில் அடிவரை வெள்ளை வேர் நுனிகள், வாடை இல்லை.

இச்சிக்குச் சட்டி சொல்லியிருக்கிறேன். மண்பாண்டம் செய்யும் பெரியவர் ஒருவர் ஒத்துக்கொண்டார்: 14 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 3 அங்குல உயரம், மெருகு கூடாது, அடியில் நான்கு கால். தகராறு துளையில்தான். நான் பெரிதாக இரண்டு கேட்கிறேன், அவர் நடுவில் ஒன்றுக்கு மேல் போட்டால் சுடும்போது விரியும் என்கிறார். ஒரு துளைச் சட்டி ஒன்றும் இரண்டு துளைச் சட்டி ஒன்றும் சேர்த்துச் சுட்டுப் பார்ப்பதாகப் பேச்சு. விரிந்தாலும் இரண்டுக்கும் காசு நான்தான் கொடுக்க வேண்டும்.