வேடந்தாங்கலில் வாட்டர்கலர்: வெள்ளைப் பறவைக்கு வெள்ளைச் சாயம் வேண்டாம்

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்குச் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் படாளம் கூட்டுரோட்டில் வலப்பக்கம் பிரிய வேண்டும். சீசன் நவம்பர் முதல் மார்ச் வரை. ஏரியில் தண்ணீர் நிற்காத ஆண்டில் போவது வீண். படம் வரையப் போகிறவர்களுக்கு ஜனவரிதான் வசதி. கூட்டுக்குப் போக வர இருக்கும் பறவை அதே கிளையில் அதே மாதிரி வந்து இறங்கும். முதல் தடவை தவறவிட்ட கழுத்து வளைவு அரை மணியில் மறுபடி கிடைக்கும்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித்தாள், லேசாகச் சொரசொரக்கும் கோல்ட் பிரஸ் வகை, ஏ4 அளவு போதும். 12ஆம் எண் வட்டப் பிரஷ் ஒன்று, கிளைகளுக்கு நீள முடியுள்ள மெல்லிய ரிக்கர் பிரஷ் ஒன்று. நிறங்கள் நான்கு: அல்ட்ராமரைன் (நீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (காவி மஞ்சள்), குவினாக்ரிடோன் ரோஸ் (ரோஜா). அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு வெளிச்சத்தில் வெளுத்துவிடும் என்பதால் அது வேண்டாம்.

கரைமேல் நின்றால் கண்ணில் படுபவை பெரும்பாலும் வெள்ளைப் பறவைகள்: மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், கொக்கு. சிறகு சிறகாக வரைய உட்காருபவர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது பாடம்செய்த பறவை. பறவையின் உடம்பைப் பிரஷால் தொடவே கூடாது, தாளின் வெள்ளையே அதன் வெள்ளை. பென்சிலில் கழுத்தும் முதுகும் சேர்ந்த ஒரே கோடு. பிறகு அதன் பின்னால் நிற்கும் கடம்ப மரத்தைத் தீட்டுங்கள். அல்ட்ராமரைனில் ஓக்கர் கலந்தால் அந்த மங்கிய பச்சை வரும். முதுகுப் பக்கம் விளிம்பு கூர்மையாக இருக்கட்டும். வயிற்றுப் பக்கம் தாளை முன்பே நனைத்துவைத்தால் பச்சை லேசாக உள்ளே கசிந்து நிழலாகிவிடும். கிளைகளிலும் அங்கங்கே வெள்ளை விடுங்கள், அது எச்சம். அந்த எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால்தான் ஊரார் இந்தப் பறவைகளைக் காத்துவந்தார்கள். 1798லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் அதற்கு ஆவணமும் வாங்கினார்கள்.

நாரையின் பின்பக்க ரோஜா நிறத்துக்கு நேரம் பார்க்க வேண்டும். அந்த இடத்தை நனைத்ததும் தாளில் தண்ணீர் தேங்கி நின்றால் நிறம் உடம்பு முழுக்க ஓடிவிடும். தேக்கம் வடிந்து மினுமினுப்பு மட்டும் மிஞ்சும்போது, கெட்டியாகக் குழைத்த ரோஸை ஒரே தொடுதலில் வைத்து விலகிவிடுங்கள். மினுமினுப்பு மங்கிய பிறகு ஈரப் பிரஷால் திருத்தப் போனால், புதுத் தண்ணீர் பாதி காய்ந்த நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் காலிஃபிளவர் மாதிரி கறை கட்டும். அதைத் துடைக்கத் துடைக்கப் பெரிதாகும். முழுக்கக் காயும்வரை விட்டுவிடுவதே நல்லது.

விடிகாலைப் பனியில் தாள் காயவே காயாது, பத்து மணி வெயிலிலோ நனைத்த கையோடு காய்ந்துவிடும். வெயில் நேரத்தில் தாளின் இரண்டு பக்கமும் நனைத்து அக்ரிலிக் பலகையில் ஒட்டவைத்தால் ஈரம் நெடுநேரம் தங்கும்.

நீர்க்காகம், பாம்புத்தாரா போன்ற கறுப்புப் பறவைகளுக்கு டியூப் கறுப்பு செத்துப்போன நிறம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் தாளிலேயே கலக்கட்டும். அல்ட்ராமரைன் மணிமணியாகப் படிந்து ஈரச் சிறகின் பளபளப்பு தானே வரும்.

அலகும் கண்ணும் கடைசியில், தாள் நன்றாகக் காய்ந்த பிறகு. நத்தை குத்தி நாரைக்கு அலகின் நடுவே இருக்கும் இடைவெளியை மறந்தால் அது வேறு நாரை. ஈரம் காயாத தாளைக் காரில் எடுத்துவந்தால் சாய்க்காதீர்கள். தேங்கிய பச்சை வழிந்து, விட்டுவைத்த வெள்ளைக்குள்தான் போகும்.